வடிகால் வெட்டும் முன் பழைய வரைபடத்தை எடுங்கள்: சேலம் மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், 60 கோட்டங்களின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று அழகாபுரத்தில் குடியிருப்பவன் நான். கேட்க வந்தது ஒன்றுதான். நம் நகரின் வடக்கிலும் மேற்கிலும் இருக்கிற நகர்கள், காலனிகள், எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் எந்த நிலத்தின்மேல் எழுந்தன என்பதைக் காட்டும் கிராம வரைபடங்களும் லே-அவுட் (மனைப்பிரிவு) படங்களும் பதிவறைகளில் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதற்கு அப்புறம் மழைநீர் வடிகாலுக்கு டெண்டர் விடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சேலத்தின் நில அமைப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. வடக்கே சேர்வராயன் மலை, அதற்கு முன்னால் ஊரை ஒட்டி நகரமலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. ஏற்காடு இருப்பதோ 1,500 மீட்டர் உயரத்தில். 20 கொண்டை ஊசி வளைவுகளில் நாம் ஏறிப் போகும் அந்த உயரத்தில் பெய்கிற மழைக்கு வளைவெல்லாம் கிடையாது. நேராக இறங்கும். அதில் ஒரு பங்கைச் சுமந்து வருவதுதான் திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் புகுந்து, தெற்கே நாமக்கல் மாவட்டம் வரை போய்க் காவிரியில் கலக்கிறது.

பழைய சேலம் அந்த ஆற்றை ஒட்டி வளர்ந்த ஊர். சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், தானிய மண்டிகளும் வெள்ளிப் பட்டறைகளும் உள்ள செவ்வாய்ப்பேட்டை, தறிச்சத்தம் கேட்கும் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கிச்சிப்பாளையம். 1866ல் நகராட்சி அமைந்தபோது சேலம் என்றால் பெரும்பாலும் இவைதான். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த சரிவில் வீடு கட்ட யாரும் அவசரப்படவில்லை. அந்தச் சரிவு ஏரிகளுக்கும் வயலுக்கும் விடப்பட்டிருந்தது. மேலே உள்ள ஏரி நிறைந்து கோடி விழுந்தால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தால், அடுத்த ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் ஆற்றுக்கு. தண்ணீர் வருகிற பாதையில் கல் ஊன்றக் கூடாது என்பதைப் படிப்பறிவு இல்லாத விவசாயியும் அறிந்திருந்தார்.

ஊர் ஆற்றங்கரையில் இருக்க, அதற்கு வெளியே இரண்டு இடங்கள் தனியாக வளர்ந்தன. ஒன்று சூரமங்கலம். 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை போட்டவர்கள் நம் ஊருக்குள் வராமல் மேற்கே ஒதுங்கிப் போனார்கள். அதனால்தான் ஜங்ஷனுக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம். இன்னொன்று அஸ்தம்பட்டி. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், ஏற்காடு போகும் சாலை, மத்திய சிறை. பழைய ஊர், ஜங்ஷன், அஸ்தம்பட்டி ஆகிய மூன்று புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் வரும் முக்கோணத்திலும் அதன் ஓரங்களிலும்தான் அழகாபுரம், மெய்யனூர், பள்ளப்பட்டி, குமாரசாமிப்பட்டி, நரசோதிப்பட்டி, ரெட்டியூர் எல்லாம் கிராமங்களாக இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சேலத்தின் வரலாறு என்பது, என் பார்வையில், இந்த முக்கோணம் வீடுகளால் நிரம்பிய வரலாறு.

மக்கள்தொகைக் கணக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1941ல் சேலம் நகரில் 1,29,702 பேர். 1951ல் 2,02,335 பேர். பத்தே ஆண்டில் 72,000க்கும் மேல். நூறு பேர் இருந்த இடத்தில் நூற்றைம்பத்தாறு பேர். அன்றைய சேலம் மாவட்டம் எவ்வளவு பெரியது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. தர்மபுரி 1965ல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997ல். அவ்வளவு பெரிய மாவட்டத்துக்கும் கோர்ட்டு, கச்சேரி, கல்லூரி, மொத்த வியாபாரம் எல்லாம் இங்கேதான். குமாஸ்தா, வாத்தியார், வக்கீல், ரயில்வே ஊழியர், பேட்டையில் கூட்டுக்குடும்பம் பிரிந்து தனிவீடு தேடிய நூல் வியாபாரி என்று எல்லோருக்கும் மனை வேண்டியிருந்தது. பேட்டைக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இனி இடம் இல்லை. ஊர் வடக்கே நகர்ந்தது.

ஏற்காடு சாலையில் அதற்கு முன்பே ஒரு பெரிய காந்தம் இருந்தது. டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. நடிகர்கள், கதை எழுதுபவர்கள், தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள், தையற்காரர்கள் என்று ஒரு பட்டாளமே அந்தப் பக்கம் குடியேறியது. இன்று ஸ்டூடியோ இருந்த இடத்தில் குடியிருப்புகள் இருக்கின்றன. முகப்பு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

அதே அஸ்தம்பட்டியில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் இறந்தார்கள். புதிய குடியரசு பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. மனை விலை மட்டுமே ஒரு பகுதியின் வரலாறு இல்லை என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அப்புறம் கல்லூரிகள் வந்தன. அரசு கலைக் கல்லூரி 1857லிருந்து இருப்பது. 1958ல் ஜங்ஷன் சாலையில் தியாகராசர் பாலிடெக்னிக், 1961ல் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் சாரதா மகளிர் கல்லூரி, 1966ல் கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி. ஒவ்வொன்றும் வந்தபோது அதற்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் மனைகளாயின. ஹவுசிங் போர்டு அய்யந்திருமாளிகையிலும் தாதகாப்பட்டியிலும் வீடுகள் கட்டியது. 1970ல் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்ட, 1981ல் உற்பத்தி தொடங்கியபோது சூரமங்கலத்துக்கு மேற்கேயும் ஊர் நீண்டது. இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீரை நம்பி இருந்த ஊர் மேட்டூர்த் தண்ணீருக்கு மாறியிராவிட்டால் இவ்வளவு அகலம் விரிந்திருக்க முடியாது. 1934ல் கட்டி முடித்த அணை இல்லையென்றால் ஃபேர்லேண்ட்ஸும் இல்லை, சுவர்ணபுரியும் இல்லை.

சரி, அந்த மனைகள் எப்படிப் பிறந்தன என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம்.

ஒரு நிலக்காரர் நாலு ஏக்கர் நஞ்சையை விற்கிறார். வாங்கியவரோ, வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கமோ ஒரு சர்வேயரை வைத்து அளக்கிறார்கள். நீலத்தாளில் ஒரு படம் தயாராகிறது. நடுவே 30 அடி ரோடு, இரண்டு பக்கமும் மனை எண்கள், ஒரு மூலையில் பூங்காவுக்கென்று கொஞ்சம் இடம். ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள். அனுமதி கிடைத்ததும் கல் நட்டு, மனை விற்று, வீடு எழும்புகிறது. அந்த லே-அவுட் படம் தன் எல்லைக்குள் மட்டும் பார்க்கும் படம். பக்கத்து நாலு ஏக்கர் வேறொரு படம், வேறொரு வருடம், வேறொரு சர்வேயர். ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சரி. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, மேலேயிருந்து கீழே தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்த்தவர் யாருமில்லை. அது யாருடைய வேலை என்றும் எங்கும் எழுதப்படவில்லை.

இதற்கு முந்தைய கிராம வரைபடம் அப்படி இல்லை. அதில் நத்தம் என்கிற குடியிருப்பு நிலம் எங்கே, வண்டிப்பாதை எங்கே, ஏரிக்கரை எங்கே, மதகு எங்கே, எந்த ஓடை எந்தப் புலத்தில் நுழைந்து எந்தப் புலத்தில் வெளியேறுகிறது என்பதெல்லாம் இருக்கும். எஃப்.எம்.பி. என்று நாங்கள் சொல்லும் புல அளவுப் படத்தில் சங்கிலியும் கண்ணியுமாக அளந்த அளவுகள் கோட்டோரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஓடைக்குத் தனி சர்வே எண் இருந்தால், கிராமத்து நிலங்களையெல்லாம் எண்வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு' என்று விஸ்தீரணத்தோடு ஒரு வரி இருக்கும். நூறு வருடத்துக்கு முன் வெயிலில் சங்கிலி இழுத்தவர்களின் வேலை அது. அவ்வளவு துல்லியமான வேலையை இன்று எத்தனை பேர் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நடுவில் டவுன் சர்வே வந்தது. பழைய சர்வே எண்கள் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று மாறின. நகரத்துக்கு அது தேவைதான், நானே அந்த வேலையில் இருந்தவன். ஆனால் கிராமக் கணக்கில் ஒரே எண்ணாக மேலிருந்து கீழ்வரை ஓடிய ஒரு வாய்க்கால், டவுன் சர்வேயில் ஐந்தாறு பிளாக்குகளில் ஐந்தாறு துண்டுகளாகப் பிரிந்துவிடும். ஒரு பிளாக்கின் படத்தை மட்டும் விரித்துப் பார்ப்பவருக்கு இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு குறுகலான அரசு நிலம் தெரியும். அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவேடு ஒன்று உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாய்க்காலை ஒரே நாளில் முழுசாகக் கோர்த்துவிடலாம். இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. பொறுமையும் ஒரு பெரிய மேசையும் போதும்.

பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடிய சிறு வாய்க்கால்கள் இன்னும் சிக்கல். அவற்றுக்குத் தனி எண் கிடையாது. புலப்படத்தில் மெல்லிய கோடாக இருந்தால் உண்டு. மனை போட்டபோது அந்தக் கோடு லே-அவுட்டில் ஏறவில்லை.

எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய வீடு இருக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரை, முன்னால் வேப்பமரம், பக்கவாட்டில் உறைகிணறு. அதன் காம்பவுண்டுச் சுவரின் வடக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, இரண்டு முழ அகலத்துக்குச் செங்கல் வளைவு வைத்த ஒரு திறப்பு இருக்கிறது. கம்பி போட்டிருக்கிறார்கள், பூனை போகும், நாய் போகாது. தெற்குச் சுவரில் அதே நேருக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தோட்டத்தில் மண் சற்றுத் தாழ்ந்து ஒரு பட்டையாகப் போகிறது. அந்தப் பட்டையில் அந்த வீட்டார் மரம் வைக்கவில்லை, வாழையும் கீரையும்தான் போட்டிருக்கிறார்கள். புலப்படத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு திறப்புகளும் பழைய வாய்க்காலின்மேல் அச்சாக உட்காருகின்றன. மனை வாங்கியபோது இன்னும் வயலாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் கட்டிய வீடு அது. தண்ணீருக்கு வழிவிட்டுத்தான் சுவர் எழுப்பியிருக்கிறார்.

அதற்குக் கீழே உள்ள மனையில் பின்னால் வந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் சுவரில் அப்படித் திறப்பு இல்லை. பெருமழை நாளில் வடக்கிலிருந்து வரும் தண்ணீர் பழைய வீட்டுத் தோட்டத்தைக் கடந்து இந்தச் சுவரில் வந்து முட்டுகிறது. முட்டி, கிழக்கே திரும்பி, தெருவில் ஏறி, அங்கிருந்து பள்ளத்தில் உள்ள வீடுகளின் வாசற்படிக்குப் போகிறது. அடுக்குமாடி கட்டியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த பத்திரத்திலும் படத்திலும் வாய்க்கால் என்று ஒரு சொல்கூட இல்லை. அவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்? வரைபடம்தான் சொல்லியிருக்க முடியும்.

இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான இடங்கள் ஒன்று சேர்ந்ததுதான் நம் ஊரில் மழைநாளில் தேங்கும் தண்ணீர் என்று உறுதியாகச் சொல்கிறேன். தெருவின் நீளத்துக்கு இரண்டு ஓரமும் கான்கிரீட் வடிகால் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நம் லே-அவுட் தெருக்களில் பல கிழக்கு மேற்காகப் போகின்றன. நிலமோ வடக்கிலிருந்து தெற்காகச் சரிகிறது. தெருவைப் பின்பற்றிப் போட்ட வடிகால், சரிவைக் குறுக்கே வெட்டிப் போகிறது. முடியும் இடத்தில் அதைத் தெற்கே இறக்கிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். அந்த வாய்க்கால்தான் இப்போது யாரோ ஒருவரின் கார் ஷெட்டுக்குக் கீழே இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது, திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஊருக்குப் புயலால் என்ன ஆகப்போகிறது என்று நாம் இனிமேல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சேர்வராயன் மலை மேகத்தை மறித்து நிறுத்துகிறது, நாம் அதன் அடிவாரத்தில் இருக்கிறோம். அந்த மலைக்கு முன்னால் வெள்ளைக்கல் (மாக்னசைட்) சுரங்கங்கள் தோண்டிய மேடும் பள்ளமும் வேறு.

நல்ல காரியமும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கன்னங்குறிச்சி மூக்கனேரி ஏறக்குறைய 58 ஏக்கர். 2010 வாக்கில் நம் ஊர் மக்களே பணம் திரட்டி, தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் வைத்தார்கள். இன்று காலையில் போனால் பறவைகள் அடைந்து கிடக்கும். ஏரியைக் காப்பாற்றிவிட்டோம். ஏரி நிரம்பிக் கோடி விழுந்த பிறகு தண்ணீர் ஆறு வரைக்கும் போகும் பாதையையும் காப்பாற்றினால்தான் அந்த வேலை முழுமையாகும்.

இந்த வரைபட வேலை ஏன் மாமன்றத்தின் வேலை என்று கேட்கலாம். நில அளவை வருவாய்த் துறையிடம், ஏரி நீர்வளத் துறையிடம், லே-அவுட் அனுமதி நகர் ஊரமைப்புத் துறையிடம், வடிகால் உங்களிடம். உண்மைதான். ஆனால் தண்ணீர் வந்து நிற்பது உங்கள் கோட்டத்தில். மக்கள் கதவைத் தட்டுவதும் உங்களிடம்தான். தவிர, நம் நகரத்தின் எல்லைக் கதையே இந்தப் பொறுப்பை உங்கள் தலையில் வைத்துவிட்டது. 1991ல் சேலத்தின் மக்கள்தொகை 3,66,712. 2001ல் 6,96,760. பத்து வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அவ்வளவு பேர் திடீரென்று எங்கிருந்தும் வந்து குடியேறவில்லை. 1994ல் மாநகராட்சி அமைந்தபோது சூரமங்கலம் நகராட்சியும் சுற்றியிருந்த ஊர்களும் எல்லைக்குள் வந்தன. அந்த வீடுகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. தனி உள்ளாட்சிகளாக இருந்த காலத்தில், அவரவர் வசதிக்கும் அறிவுக்கும் ஏற்றபடி போட்ட மனைகள் அவை. அந்த ஊர்களை நாம் சேர்த்துக்கொண்டோம். அந்த ஊர்களின் பழைய கோப்புகள் எல்லாம் கூடவே வந்து சேர்ந்தனவா, எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை ஒருமுறை கணக்கெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லையை மறுபடி விரிக்கும் நாள் வந்தால், ஆட்களையும் வரியையும் எண்ணுவதற்கு முன்னால் வரைபடங்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையை எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மண்டலத்துக்கு ஒரு மேசை. அந்த மண்டலத்துக்குள் வரும் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்தின் வரைபடம், புலப்படங்கள், அ-பதிவேட்டில் உள்ள நீர்நிலைப் புறம்போக்கு வரிகள், ஒப்பீட்டுப் பதிவேடு, அனுமதி பெற்ற லே-அவுட் படங்கள். அனுமதி இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017ல் வந்தபோது மக்கள் கொடுத்த படங்களும் சேர்ந்தால் இடைவெளிகள் பெரும்பாலும் நிரம்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கணினியில் அடுக்க இன்று கல்லூரி மாணவர்களுக்கே தெரியும். அது முடிந்ததும் தரையில் இறங்கி, வாய்க்கால் ஒவ்வொன்றும் தெருவைக் கடக்கும் இடத்தில் ஒரு கல் நடுங்கள். வாய்க்காலின் பெயர், அகலம், எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு என்று அதில் எழுதுங்கள். வடிகால் டெண்டரில் இந்தப் படம் ஒரு பக்கமாக இணைக்கப்பட வேண்டும். மட்டம் பார்த்த, அதாவது தரையின் உயர வித்தியாசத்தை அளந்த, குறிப்பு இல்லாத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுக்கக் கூடாது.

பூங்கா நிலங்களையும் இதோடு பார்த்துவிடலாம். தானப்பத்திரத்தில் இருக்கும் இடம் தரையில் இருக்கிறதா என்று ஒப்பிடுவது அதே மேசையில் முடியும் வேலை. காலியாக இருக்கும் பூங்கா இடம், மழைநாளில் தண்ணீர் நின்று இறங்கும் இடமும்கூட. அதில் முழுக்க டைல்ஸ் கல் பதித்துவிடாதீர்கள்.

ஒரு பயத்தையும் இங்கே எழுதியாக வேண்டும். பழைய வரைபடத்தை எடுத்தால் முதலில் போவது ஓடைக்கரைக் குடிசைகள்தான் என்று மக்கள் நினைக்கிறார்கள். நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீர்நிலைகளைக் காக்க 2007ல் ஒரு சட்டமே இருக்கிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் புல்டோசர் முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை மக்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஓலைக்கூரைக்குக் கீழே தறி போட்டு வாழ்பவர்களும், மேட்டுத் தெருவில் காம்பவுண்டுச் சுவரை வாய்க்கால்மேல் ஏற்றியவர்களும் ஒரே படத்தில் தெரிவார்கள். வாய்க்கால் மேலே அடைபட்டதால்தான் கீழே வெள்ளம் வருகிறது. அதனால் வேலையை மேட்டிலிருந்து தொடங்குங்கள். நிறைய இடங்களில் வீட்டை இடிக்கத் தேவையே வராது. சுவரின் அடியில் ஒரு திறப்பு, தோட்டத்தில் ஒரு பட்டை, கார் ஷெட்டுக்குக் கீழே ஒரு குழாய். அந்தப் பழைய வீட்டுக்காரர் செய்த அளவுக்குச் செய்தால் போதும். குடியிருப்பவர்களை எடுத்தே ஆக வேண்டிய இடங்களில், மாற்று வீடு பக்கத்திலேயே கொடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும். தறிக்காரரை ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டால் அவர் நூலுக்கும் பாவுக்கும் எங்கே போவார்?

படம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் எனக்குத் தெரியும். 1950களிலும் 60களிலும் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். எந்த மூலையில் களம் இருந்தது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது, எந்த வருடம் தண்ணீர் எந்த வாசற்படி வரைக்கும் வந்தது என்று கேட்டால் நடந்து வந்து விரல் நீட்டிக் காட்டுவார்கள். கோட்டந்தோறும் ஏரியா சபைக் கூட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதில் ஒரு கூட்டத்தை இவர்களுக்காக ஒதுக்குங்கள். தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றிய மனுக்களை அடுத்த கூட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். மேசைமேல் கிராமப் படத்தை விரித்துவைத்து, பெரியவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். மூப்பன், மணியக்காரர் காலத்துப் பெயர்களை அவர்கள் சொல்லும்போது எழுதிக்கொள்ள ஒரு இளைஞர் பக்கத்தில் இருக்கட்டும். இன்னும் ஐந்தாறு வருடம் கழித்தால் இதைக் கேட்க ஆள் இருக்காது.

எல்லாக் கோட்டத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லவில்லை. நகரமலை அடிவாரத்தில் தொடங்கி அழகாபுரம் வழியாகத் தெற்கே ஆறு வரைக்கும் ஒரே ஒரு கீற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மேடு, லே-அவுட்டுகள், பழைய தெருக்கள், ஆறு என்று நான்கும் அதில் வந்துவிடும். அளவு வேலை கோடையில் நடக்க வேண்டும், ஓடை காய்ந்திருக்கும்போதுதான் அதன் அடிமட்டம் பிடிபடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடுகிறது. அதற்குள் கல் நட்டு, அடைபட்ட இடங்களின் பட்டியலையாவது கையில் வைத்திருந்தால், முதல் பெருமழையில் அந்தக் கற்களின் பக்கத்தில் நின்றே தண்ணீர் எப்படிப் போகிறது என்று உங்கள் பொறியாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் சூரமங்கலத்திலும் குகையிலும் அம்மாபேட்டையிலும் இருக்கிறார்கள். பேசிவிட்டேன். சம்பளம் எதுவும் வேண்டாம். பதிவறையில் உட்கார அனுமதியும், கூட ஓர் உதவியாளரும், மட்டம் பார்க்கும் கருவி ஒன்றும் கொடுத்தால் போதும். பழைய புலப்படத்தின் பொடி எழுத்தைப் படிக்கவும், இளம் சர்வேயர்களுக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவும் எங்களால் முடியும். எந்த மண்டலத்துக்கு, எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்
அழகாபுரம், சேலம்